21 நாள் நன்றி எழுதினா மூளையே மாறிடுமா? எந்த ஆய்வுல இருக்கு, காட்டுங்க

கடுகுடப்பா – இரவு 9:12

நேத்து பழக்கவழக்கம் பகுதில விடியல்வீரா போட்ட பதிவைப் பாக்காதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். தினமும் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அன்னிக்கு நடந்த மூணு நல்ல விஷயத்துக்கு நன்றினு நோட்டுல எழுதணுமாம், 21 நாள் விடாம எழுதினா மூளையோட வயரிங்கே மாறிடுமாம், நடுவுல ஒருநாள் விட்டா திரும்ப முதல் நாள்லேர்ந்து ஆரம்பிக்கணுமாம், இதையெல்லாம் அறிவியல் நிரூபிச்சிருக்காம். கடைசில ஒரு வரி, "அப்படியும் மாறலைனா உங்க மனசுல நன்றியே இல்லைனு அர்த்தம்". இந்த வரியைப் படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு.

அந்த 21 எங்கேர்ந்து வந்ததுனு தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் 1960ல ஒரு புத்தகம் எழுதினாரு. ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு கண்ணாடில தெரியற புது முகம் பழகறதுக்கு குறைஞ்சபட்சம் 21 நாள் மாதிரி ஆகுதுனு தான் கவனிச்சதை அதுல சொன்னாரு. அவ்வளவு தான். அவர் சொன்ன குறைஞ்சபட்சத்தை எல்லாரும் விட்டுட்டாங்க, மூக்கு ஆபரேஷனையும் விட்டுட்டாங்க, 21 மட்டும் ஊரெல்லாம் சுத்துது. பழக்கம் உருவாக எவ்வளவு நாள் ஆகும்னு நிஜமாவே அளந்து பாத்தது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலியோட குழு. 2010ல அச்சுல வந்தது. 96 பேர் கலந்துக்கிட்டாங்க. நடுமதிப்பு 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதுக்குள்ள, மீதிப் பேருக்கு அதுக்கு மேல. ஆளுக்கு ஆள் 18லேர்ந்து 254 வரைக்கும் போகுது. ஒருநாள் விட்டாலும் பெருசா ஒண்ணும் கெட்டுப்போகலைனும் அதுலயே இருக்கு. அப்புறம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்னு சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தது?

விடியல்வீரா – இரவு 9:40

வணக்கம். எனக்காகத் தனி இழையே திறந்திருக்கீங்க, மனசார நன்றி. நான் சொல்றதைச் செஞ்சு பாத்தவன். வேலை போயி வீட்டுல உக்காந்திருந்த சமயத்துல ஆரம்பிச்சேன், 21வது நாள் எனக்குள்ள என்ன மாறுச்சுனு எனக்குத் தெரியும், அதுக்கு லண்டன்லேர்ந்து சர்ட்டிபிகேட் வரணும்னு அவசியம் இல்ல.

ஆய்வு தான் வேணும்னா அதுவும் இருக்கு. 2003ல ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் பண்ணின ஆய்வு, இந்தத் துறைல எல்லாரும் முதல்ல காட்டறது அதைத் தான். அதுல மூணாவது பகுதி எத்தனை நாள் நடந்துச்சு? 21 நாள். நரம்பு தசை நோய் இருந்தவங்களை வெச்சுப் பண்ணினது. நன்றி எழுதினவங்களுக்கு மனநிலை நல்லா இருந்துச்சு, தூக்கம் கூட அதிகமாச்சு. இதுக்கு கடுகுடப்பா என்ன சொல்லப் போறாரு? மூக்கு ஆபரேஷன்னு சொல்லிட்டு எம்மன்ஸை ஏன் மறைச்சாரு?

கடுகுடப்பா – இரவு 10:05

எதையும் மறைக்கல. நீங்களா இழுப்பீங்கனு தெரியும், அதான் காத்திருந்தேன்.

அந்த மூணாவது பகுதி 21 நாள் ஓடுச்சுங்கறது உண்மை. 21 நாள் ஆய்வு ஓடினதுக்கும் 21வது நாள்ல மூளை மாறினதுக்கும் என்னங்க சம்பந்தம்? அங்க யாரோட மூளையையும் யாரும் ஸ்கேன் பண்ணல. தினமும் ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, மனசு எப்படி இருக்கு, எவ்வளவு நேரம் தூங்கினீங்கனு அவங்களே எழுதிக் குடுத்தாங்க. அதே ஆய்வோட முதல் பகுதில காலேஜ் பசங்க வாரம் ஒருதடவை தான் எழுதினாங்க, பத்து வாரம். ரெண்டாவது பகுதில தினமும், ரெண்டு வாரம் கூட முழுசா இல்ல. அந்த ரெண்டையும் விட்டுட்டு 21 வர்ற இடத்தை மட்டும் பொறுக்கி எடுத்துட்டு என்னைப் பாத்து ஏன் மறைச்சேனு கேக்கறீங்க.

இன்னொண்ணும் சொல்றேன். முதல் பகுதில ஒரு குழு நன்றி எழுதுச்சு, ஒரு குழு அந்த வாரம் எரிச்சல் மூட்டினதை எழுதுச்சு, இன்னொரு குழு சும்மா நடந்ததை எழுதுச்சு. அளந்ததுல சில விஷயங்கள்ல நன்றிக் குழுவுக்கும் எரிச்சல் குழுவுக்கும் நடுவுல தான் வித்தியாசம் தெளிவா தெரிஞ்சது. எரிச்சலை உக்காந்து வாராவாரம் பட்டியல் போட்டா யாருக்கா இருந்தாலும் மனசு கெடத்தான் செய்யும். அதோட ஒப்பிட்டா எது வேணா நல்லா தான் தெரியும்.

மூணாவதுகண் – இரவு 10:11

சும்மா மூணு வரி நோட்டுல எழுதறதுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா. எழுதறவன் எழுதட்டும் விடுங்கப்பா.

கடுகுடப்பா – இரவு 10:14

எழுதட்டும், நான் கைய பிடிச்சேனா? எழுதியும் மாறாதவனுக்கு மனசுல நன்றியே இல்லனு சொன்னதைத் தான் கேக்கறேன்.

விடியல்வீரா – இரவு 10:31

சரி உங்க லண்டன் ஆய்வுக்கே வர்றேன். நானும் இப்ப தான் தேடிப் படிச்சேன். அந்த ஆய்வு மொத்தம் எத்தனை நாள் நடந்துச்சு? 84 நாள். 84 நாள் நடந்த ஆய்வுல 254 நாள் எங்கேர்ந்து சார் வந்துச்சு? யாரும் 254 நாள் எண்ணல. கோட்டை நீட்டிப் போட்டு கணக்குப் பண்ணி சொல்லியிருக்காங்க. அதை இங்க கண்ணால பாத்த மாதிரி எழுதிட்டீங்க. அதுவும் போக, அங்க அவங்க பழகினது தண்ணி குடிக்கறது, பழம் சாப்பிடறது, உடற்பயிற்சி பண்றது இந்த மாதிரி தான். நன்றி எழுதறது அதுல இல்லவே இல்ல. என்னோட 21 தப்புன்னா உங்களோட 254உம் தப்பு தான். 84 நாள்ல 254! படிக்கறவங்க யோசிங்க.

கடுகுடப்பா – இரவு 10:58

254 கணிச்ச எண், ஆமா. வளைகோட்டை வெச்சு, இந்த வேகத்துல போனா இவருக்கு எப்ப நிலைக்கும்னு கணிச்சது. அந்தக் கட்டுரைலயே அப்படித் தான் எழுதியிருக்கு, ஒளிச்சு வைக்கல. நான் அதை வெச்சு எல்லாரும் 254 நாள் எழுதுங்கனு சொன்னேனா? ஆளுக்கு ஆள் வேறுபடும்னு தான் சொன்னேன். நீங்க ஒரே எண்ணை எல்லார் தலைலயும் கட்டறீங்க. ரெண்டும் ஒண்ணாகாது.

தண்ணி குடிக்கறதைப் பத்தின ஆய்வு நன்றிக்குப் பொருந்தாதுங்கறீங்க, அப்போ மூக்கு ஆபரேஷன் மட்டும் எப்படிப் பொருந்துச்சு?

நன்றி எழுதறதைப் பத்தியே வேணும்னா, சோன்யா லியூபோமிர்ஸ்கினு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளரோட குழு ஆறு வாரம் ஒரு ஆய்வு பண்ணினாங்க. ஒரு குழு வாரம் ஒருதடவை எழுதணும், இன்னொரு குழு வாரம் மூணு தடவை. சந்தோஷம் கூடினது வாரம் ஒருதடவை எழுதினவங்களுக்கு. மூணு தடவை எழுதினவங்களுக்குக் கூடல. அடிக்கடி எழுதினா அது ஒரு வேலை மாதிரி ஆயி சலிச்சிடுதுங்கறது அவங்க குடுக்கற விளக்கம். தினமும் ராத்திரி நோட்டைத் திறந்து குடும்பம், உடம்பு, நண்பர்கள்னு அதையே எழுதிட்டு இருக்கறவங்களைக் கேட்டுப் பாருங்க, என்னைக்கோ மனசு அதுலேர்ந்து வெளிய போயிருக்கும், கை மட்டும் எழுதிட்டு இருக்கும்.

மார்ட்டின் செலிக்மன்னு இன்னொரு உளவியல் ஆராய்ச்சியாளரோட குழு 2005ல பண்ணின ஆய்வுல மூணு நல்ல விஷயம் எழுதச் சொன்னாங்க, எவ்வளவு நாள்? ஒரு வாரம். 21 இல்ல, ஒரே வாரம். அதுக்கே ஆறு மாசம் வரைக்கும் வித்தியாசம் தெரிஞ்சது, அதுவும் சொன்ன வாரம் முடிஞ்சும் தாங்களா விருப்பப்பட்டு தொடர்ந்தவங்களுக்குத் தான் நல்லா தெரிஞ்சது. ஒவ்வொண்ணும் ஏன் நடந்துச்சுனு காரணமும் சேத்து எழுதணும்னு அதுல இருந்துச்சு. அந்த "ஏன்" உங்க பதிவுல எங்கயாவது இருக்கா? உயிரே அங்க தான் இருக்கு. இன்னிக்கு ஒருத்தர் எனக்காகத் தன் நேரத்தை ஒதுக்கினாரு, அவருக்கு அவசியமே இல்ல, இருந்தும் ஏன் செஞ்சாருனு ஒரு நிமிஷம் யோசிக்கிறோம் இல்ல, அப்ப தான் மனசு அசையுது. அதை விட்டுட்டு 21னு நாளை எண்ணிட்டு இருக்கீங்க.

விடியல்வீரா – இரவு 11:03

ஆக மொத்தம் நன்றி எழுதினா நல்லதுனு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. வேற என்ன வேணும்.

கடுகுடப்பா – இரவு 11:05

நல்லதில்லைனு நான் எப்ப சொன்னேன்? 21 எங்க இருக்குனு கேட்டேன். இன்னும் பதில் வரல.

வாசல்படி – இரவு 11:20

தம்பிகளா, ரெண்டு பேரும் நோட்டை விட்டு வெளிய வாங்க. நோட்டுக்கு எதுக்குப்பா நன்றி? யார் உதவி பண்ணினாங்களோ அவங்க முகத்தைப் பாத்து சொல்லுங்க. நமக்குச் செஞ்சவங்க பக்கத்து ரூம்ல இருப்பாங்க, நாம கதவைச் சாத்திட்டு அவங்களைப் பத்தி அழகா எழுதிட்டு இருப்போம், அவங்களுக்கு ஒரு வார்த்தை கூட போய்ச் சேராது. எனக்கு இந்த எழுதற பழக்கமே சுயநலமா தெரியுது. நமக்குத் தூக்கம் வரணும், நம்ம மனசு லேசாகணும், அதுக்கு இன்னொருத்தர் செஞ்ச உதவி மருந்தா?

விடியல்வீரா – இரவு 11:26

அக்கா சொல்றது நல்லா இருக்கு, ஆனா எல்லாரும் நேர்ல சொல்ற இடத்துல இல்ல. நமக்கு நல்லது செஞ்சவங்க சிலர் உயிரோடவே இல்ல. அவங்களுக்கு நோட்டுல தான் எழுத முடியும். நான் எழுதினதுல பாதி அப்படித் தான்.

ராத்திரிப்பறவை – இரவு 11:48

எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே எரியுது, யார் மேலயும் கோவம் இல்ல, காரணத்தைச் சொல்றேன். எங்க ஆபீஸ்ல சம்பளம் ஏத்தலைனு போய்க் கேட்டோம். வேலை இருக்கேனு நன்றியோட இருங்கனு பதில் வந்துச்சு. அடுத்த வாரம் எல்லாருக்கும் ஒரு நோட்டு குடுத்து, தினமும் இந்த வேலைல உங்களுக்குப் பிடிச்ச மூணு விஷயம் எழுதுங்க, நல்ல எண்ணம் வளரும்னாங்க. நைட் ஷிப்ட் முடிச்சு கண்ணு எரிய உக்காந்து அதை எழுதினேன். நன்றிங்கறது உள்ளேர்ந்து வரணும். மேல இருக்கறவங்க கீழ இருக்கறவங்களைப் பாத்து நன்றியோட இருனு சொன்னா அது வாயை மூடுனு சொல்றது தான். விடியல்வீராவோட அந்தக் கடைசி வரியும் எனக்கு அப்படித் தான் கேட்டுச்சு.

விடியல்வீரா – காலை 6:15

சகோதரி, உங்க வலி புரியுது. ஆனா பாருங்க, அந்த நோட்டைக் கசப்போட எழுதினதால தான் பலன் இல்ல. அதே நோட்டைத் திறந்த மனசோட 21 நாள் எழுதியிருந்தா அந்த ஆபீஸே உங்களுக்கு வேற மாதிரி தெரிஞ்சிருக்கும்.

ராத்திரிப்பறவை – காலை 6:52

ஆபீஸ் வேற மாதிரி தெரிய வேணாங்க, சம்பளம் வேற மாதிரி வந்தா போதும். இதைத் தான் நேத்து ராத்திரி முழுக்க கடுகுடப்பா கேட்டுட்டு இருக்காரு. வேலை செஞ்சா உங்க முறை சரி, வேலை செய்யலைனா எங்க மனசு சரியில்ல. தோக்கவே முடியாத மாதிரி ஒரு விதியை நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க.

கடுகுடப்பா – காலை 7:30

இதை விட தெளிவா யாராலயும் சொல்ல முடியாது. "கசப்போட எழுதினதால பலன் இல்ல" – இப்படிச் சொல்றதுக்குத் தான் அறிவியல் பேரை இழுக்கறதா? அறிவியல்னா எது நடந்தா நான் சொன்னது தப்புனு முதல்லயே சொல்லணும். 2021ல மனச்சோர்வு, பதட்டம் இதுக்கெல்லாம் நன்றிப் பயிற்சி உதவுதானு அதுவரைக்கும் வந்த 27 ஆய்வைச் சேத்து வெச்சுப் பாத்தாங்க, கிரெக், சீவன்ஸ்னு ரெண்டு பேரு. பலன் இருக்கு, ஆனா சின்னது, அந்தப் பிரச்சனைகளுக்கு இதைச் சிகிச்சையா நம்பாம வேற நல்ல வழியைத் தேடுங்கனு தான் முடிச்சிருக்காங்க. நிஜமாவே மனச்சோர்வுல இருக்கற ஒருத்தர் விடியல்வீரா பதிவைப் படிச்சு, எழுதி, மாறாம, "எனக்கு நன்றி கூட இல்ல போல"னு தன்னையே இன்னும் வெறுத்தா அதுக்கு யார் பொறுப்பு? எனக்குக் கவலை அவங்களைப் பத்தித் தான். போன வருஷமும் இதே ஆள் இதே மாதிரி மூச்சுப் பயிற்சிக்கு எழுதினாரு, அப்பவும் கேட்டேன், அப்பவும் பதில் இல்ல.

வாசல்படி – காலை 8:05

ராத்திரிப்பறவை பொண்ணே, நீ சொல்றது நியாயம் தான். இருந்தாலும் மனசுல அந்தக் கோவத்தையே வெச்சுட்டு எவ்வளவு நாள் இருப்ப? 109வது குறள் என்ன சொல்லுது, உயிர் போற மாதிரி கெடுதல் செஞ்சவங்களா இருந்தாலும் அவங்க முன்னாடி செஞ்ச ஒரு நல்லதை நினைச்சா அது மறஞ்சிடும்னு. பெரியவங்க சும்மா சொல்லல.

ராத்திரிப்பறவை – காலை 8:21

அக்கா, அந்த ஒரு நல்லதை அவங்க முதல்ல செஞ்சிருக்கணும் இல்ல? இல்லாததை நான் எங்க போய் நினைக்கிறது? வேலை குடுத்தது உதவினு சொல்லாதீங்க, நான் வேலை செஞ்சேன், கூலி வாங்கினேன், அது கணக்கு. அப்படிப் பாத்தா அவங்களும் எனக்கு நன்றி சொல்லணும். ஒருநாளாவது சொல்லியிருக்காங்களா?

வாசல்படி – காலை 8:30

எல்லாத்தையும் கணக்காவே பாத்தா மனுஷங்க நடுவுல என்னம்மா மிச்சம் இருக்கும்.

ராத்திரிப்பறவை – காலை 8:33

கணக்கு தீராதவங்க கிட்ட மட்டும் தான் எல்லாரும் வந்து இதைச் சொல்றாங்க அக்கா.

பழையகணக்கு – காலை 9:10

நான் வழக்கமா இங்க எழுதறதில்ல, ஆனா கடுகுடப்பா நன்றியைப் பத்திப் பாடம் நடத்தறதைப் பாத்ததும் கை சும்மா இருக்கல. அவரோட லேப்டாப் ஹார்ட் டிஸ்க் போனப்போ இங்க வந்து கதறினாரு ஞாபகம் இருக்கா? ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து எந்த சாஃப்ட்வேர், எப்படி ஓட்டணும், எதைத் தொடக்கூடாதுனு ஒவ்வொண்ணா சொன்னது நான். போட்டோ எல்லாம் திரும்பக் கிடைச்சுது. அடுத்த நாள் "பிரச்சனை தீர்ந்தது"னு ஒரு வரி போட்டு இழையை மூடிட்டாரு. என் பேரு கூட இல்ல. இவர் இப்போ "அவருக்கு அவசியமே இல்ல, இருந்தும் ஏன் செஞ்சாரு"னு உருக்கமா எழுதறாரு. அந்த ஆள் நான் தான் சார்.

விடியல்வீரா – காலை 9:14

கேளுங்க எல்லாரும். நல்லா கேளுங்க.

கடுகுடப்பா – காலை 9:40

அன்னிக்கே உங்களுக்குத் தனி மெசேஜ்ல நன்றி சொன்னேன். பொதுவுல போட்டா தான் நன்றியா? நாலு பேர் பாக்கணும்னு சொல்றது நன்றி இல்ல, விளம்பரம். இதுக்கும் 21 நாளுக்கும் என்ன சம்பந்தம்? பேசற விஷயத்துக்குப் பதில் இல்லாதப்போ பேசற ஆளைத் தாக்கறது விடியல்வீராவோட பாணி, நீங்களும் அதுல சேந்துட்டீங்க. என் வாதம் தப்புனா எந்த வரி தப்புனு காட்டுங்க.

குளத்துமீன் – காலை 10:02

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். மூளையை யாரும் ஸ்கேன் பண்ணலைங்கறது முழுசா சரியில்ல. 2016ல இந்தியானா பல்கலைக்கழகத்துல பண்ணியிருக்காங்க. நன்றி எழுதினவங்களை மூணு மாசம் கழிச்சு ஸ்கேன்ல பாத்தப்போ நன்றி உணர்றப்ப மூளையோட முன்பகுதில செயல்பாடு கூடுதலா இருந்துச்சு.

விடியல்வீரா – காலை 10:05

குளத்துமீன் ஐயாவுக்கு கோடி நன்றி. முடிஞ்சுது. மூளை மாறுது. மாறுதுனு ஸ்கேனே சொல்லுது.

கடுகுடப்பா – காலை 10:37

ஒண்ணும் முடியல. எம்மன்ஸ் ஆய்வுல ஸ்கேன் பண்ணலைனு தான் நான் சொன்னேன், மேல போய் படிச்சுட்டு வாங்க. குளத்துமீன் சொல்ற ஆய்வு எனக்குத் தெரியும். அதுல எழுதினது கடிதம், ஒரு குறிப்பிட்ட மனுஷருக்கு உக்காந்து எழுதற கடிதம், மூணு வரி பட்டியல் இல்ல. எழுதினவங்க மனப் பிரச்சனைக்கு கவுன்சிலிங் போயிட்டு இருந்தவங்க, அந்த கவுன்சிலிங்கோட சேத்து எழுதினாங்க, தினமும் இல்ல. எழுதறதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுக்கல, அதனால முன்னாடி எப்படி இருந்துச்சு, அப்புறம் எப்படி ஆச்சுனு ஒரே ஆள்கிட்ட ஒப்பிட்டுச் சொல்ல முடியாது, எழுதின குழுவையும் எழுதாத குழுவையும் தான் ஒப்பிட்டாங்க. நல்ல ஆய்வு தான், எனக்குப் பிடிச்சதும் கூட, ஒருத்தரை மனசுல நிறுத்தி எழுதறதுல ஏதோ இருக்குனு அது காட்டுது. ஆனா அதுல 21 எங்க இருக்கு? வயரிங் எங்க இருக்கு? ஒருநாள் விட்டா திரும்ப ஆரம்பினு எங்க இருக்கு?

மூணாவதுகண் – காலை 10:41

இவருக்கு 21ங்கற எண்ணே ஜென்மப் பகை போல.

நெறியாளர் – காலை 11:00

தனிநபர் விஷயங்களை இழுக்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க் பத்தின பேச்சு இந்த இழைக்குத் தொடர்பில்லாதது. தொடர்ந்தா பூட்டப்படும்.

பழையகணக்கு – காலை 11:08

நன்றி பத்தின இழைல நன்றி சொல்லாததைப் பத்திப் பேசறது தொடர்பில்லாததா? நல்ல நியாயம். தனி மெசேஜ் அனுப்பினேங்கறாரு, எனக்கு அப்படி எதுவும் வரல.

வாசல்படி – காலை 11:25

கடுகுடப்பா தம்பி, போகட்டும், இங்கயே ஒரு வார்த்தை சொல்லிடேன். என்ன குறைஞ்சிடப் போகுது. நாம என்னவோ சொன்னா ஒரு மாதிரி இருக்குமோனு தயங்கறோம், கேக்கறவங்களுக்கு அது எவ்வளவு பெரிசுனு நமக்குத் தெரியறதில்ல.

கடுகுடப்பா – மதியம் 12:10

அக்கா நீங்க சொன்ன அதே விஷயத்தை 2018ல குமாரும் எப்லியும் ஆய்வாவே பண்ணியிருக்காங்க. நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, வாங்கினவங்ககிட்டயும் கேட்டாங்க. வாங்கறவங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு எழுதினவங்க ரொம்ப அதிகமா நினைச்சாங்க, அவங்களுக்கு எவ்வளவு ஆச்சரியமும் சந்தோஷமும் வரும்னு குறைச்சு நினைச்சாங்க. அதனால நேரா சொல்றது தான் முக்கியம்னு நீங்க சொல்றது எனக்கு முழுக்க சம்மதம். ஆனா நான் சொல்லாதவன் இல்ல. சொல்லிட்டேன். சொன்னதையே மிரட்டி இன்னொரு தடவை வாங்கறதுக்குப் பேரு நன்றி இல்ல. ராத்திரிப்பறவை ஆபீஸ்ல நோட்டு குடுத்தவங்களுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

ராத்திரிப்பறவை – மதியம் 12:22

என்னை இதுல சேக்காதீங்க ப்ளீஸ். அவர் உங்களுக்காக ராத்திரி முழிச்சு உதவி செஞ்சாரு, எனக்கு அப்படி யாரும் செய்யல. ரெண்டும் ஒண்ணு இல்ல.

விடியல்வீரா – மதியம் 12:30

254 நாள் ஆகும் போல இவருக்கு ஒரு நன்றி சொல்ல.

கடுகுடப்பா – மதியம் 12:34

84ல 254 வராதுனு கத்தினவரே இப்போ 254ஐ எடுத்துக்கிட்டாரு. உங்க பதிவுல அந்தக் கடைசி வரியை எடுப்பீங்களா மாட்டீங்களா, அதை மட்டும் சொல்லுங்க.

விடியல்வீரா – மதியம் 12:36

மாட்டேன். உண்மை அது. வேணும்னா இன்னும் பெரிய எழுத்துல போடுவேன்.

பழையகணக்கு – மதியம் 12:41

கடுகுடப்பா சார், அந்தத் தனி மெசேஜ் ஸ்க்ரீன்ஷாட்டைப் போடுங்க, நான் பேசாம போயிடறேன்.

கடுகுடப்பா – மதியம் 12:58

அது பழைய போன்ல இருக்கு. எடுத்துப் போடறேன், போட்டா நீங்க இங்க எல்லார் முன்னாடியும் என்ன சொல்லப் போறீங்கனு பாக்கறேன்.

பழையகணக்கு – மதியம் 1:02

முதல்ல போடுங்க. இங்க தான் இருக்கேன்.